கொழுந்துக் கணக்கும் கணினிச் செய்நிரலும்

கணினி என்றவுடன் விண்கலங்களையும் மேலைநாட்டு ஆய்வுகூடங்களையும் நினைப்பதே மாணவருட் பெரும்பாலார் வழக்கம். ஆயின், வணிக அலுவலுக்கென முதன்முதல் இயங்கிய கணினி தேயிலையோடு உறவுடையது என்பதை அறிந்தோர் சிலரே. இலண்டன் மாநகரில் தேநீர்ச்சாலைகள் பலவற்றை நடத்தியும் தேயிலைப் பொதிகளை விற்றும் வந்த ஜே. லியோன்ஸ் கம்பனியார், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அமைந்திருந்த எட்சாக் என்னும் கணினியை முன்மாதிரியாகக் கொண்டு, லியோ எனப் பெயரிய கணினியொன்றைத் தாமே ஆக்கினர். 1951 நவம்பரில் அது அவர்தம் வெதுப்பகக் கணக்கை இடத் தொடங்கிற்று. 1954இல் ஊழியரின் சம்பளக் கணக்கும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. பழகிய எழுதுவினைஞர் ஒருவர் 8 நிமிடத்திற் செய்த ஓர் ஊழியரின் கணக்கை அது ஒன்றரை வினாடியில் முடித்தது என்பர். சம்பளம் கணக்கிடுவதே அன்று அவ்வியந்திரத்திற்குத் தரப்பட்ட பெரும் பணிகளுள் ஒன்று என்பது ஈண்டு நாம் கருதற்பாலது.

அத்தகைய கணக்கொன்று ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் நாள்தோறும் நிகழ்கின்றது. காலையிற் பெரட்டுக்களத்திற் பேர் கொடுத்து மலைக்குச் சென்ற பெண்கள், பறித்த கொழுந்தை மடுவத்திற்குக் கொணர்ந்து நிறுக்கின்றனர். நிறுவை துண்டிலே பதியப்படுகின்றது. துண்டிலிருந்து செக்றோலுக்கு ஏறுகின்றது. செக்றோலிற் பதியப்படும் பேர் முழுப்பேரா அரைப்பேரா என்பதையும், மேலதிகக் கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் தீர்மானிப்பன சில விதிகள். அவ்விதிகளைக் கணக்கப்பிள்ளை அறிவார். துண்டுக்குரியவளும் வாய்மொழியாக ஓரளவு அறிவாள். அவற்றைச் சிறிதும் ஐயத்துக்கிடமின்றி எழுதி வைத்தால், அதுவே செய்நிரல். ஆதலின், செய்நிரலாக்கத்தின் முதற்பாடத்தை நம் மலைநாட்டு மாணவர்க்கு இக்கணக்கைக் கொண்டே கற்பித்தல் தகும் என்பது எம் கருத்து.

எம்மொழியில் எழுதுவது? நம் பாடசாலைகளிற் சாதாரண தர வகுப்பிற் பாஸ்காலும், உயர்தர வகுப்பிற் பைத்தனும் கற்பிக்கப்படுகின்றன. இரண்டும் நன்மொழிகளே, எனினும் இரண்டின் ஏவற்சொற்களும் ஆங்கிலம். ஆங்கிலச் சொல்லின் பொருளையும் செய்கையின் பொருளையும் ஒருங்கே விளங்க முயலும் மாணவன் எதில் இடறினான் என்பது ஆசிரியருக்கும் புலப்படுவதில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வண்ணம் முத்து அண்ணாமலை என்பார் ஆக்கிய மொழி எழில். 2007இல் தொடங்கப்பெற்ற அம்மொழியைப் பற்றிய அவரது கட்டுரை 2009 ஜூலையில் வெளிவந்தது. எழில் பைத்தன் மொழியின்மேல் எழுப்பப்பட்டது. எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் ஏவற்சொற்கள் யாவும் தமிழ். திரையில் ஒன்றைக் காட்ட வேண்டின் 'பதிப்பி' என்க.

சொற்கள் தமிழாயிருத்தலினும் சிறப்புடையது, அவை நிற்கும் இடம். ஆங்கில வழிப்பட்ட மொழிகளில் 'இஃப்' என்னும் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். தமிழில் நாம் அவ்வாறு பேசுவதில்லை. 'மழை பெய்தால்' என்கையில் நிபந்தனைப் பொருள் வினையின் ஈற்றிலே நிற்கின்றது. 'செயின்' என்னும் வாய்பாட்டு எச்சமாக நம் இலக்கண நூலார் காட்டியதும் இதனையே. எழில் இவ்வொழுங்கைத் தழுவி, நிபந்தனையை முதலில் அடைப்புக்குறியுள் எழுதி, அதன்பின் 'ஆனால்' என்று வைக்கின்றது. ஈண்டு 'ஆனால்' என்பது 'ஆயின்' என்னும் பொருளது. எதிர்மறுப்பாக நாம் இந்நாளில் வழங்கும் 'ஆனால்' அன்று.

நிற்க, செய்கைக் குறிகளை ஒவ்வொன்றாகக் காண்போம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கும் யாவரும் அறிந்தவை. கணினி எழுத்துப்பலகையிற் பெருக்கலுக்கு உடுக்குறியும் (*) வகுத்தலுக்குச் சாய்கோடும் (/) வழங்கும் என்பது மட்டுமே புதிது. எண்களுக்குப் பெயரிட்டு வைப்பது மாறி எனப்படும்.

சம்பளம் = 1350
அளவு = 18
கிலோவிலை = 50
கொழுந்து = 22

இவ்வெண்கள் எடுத்துக்காட்டின் பொருட்டுக் கொள்ளப்பட்டன. நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடும். பெயரிட்டு வைப்பதனாற் பயன் யாதெனின், நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆயிற்று. செய்நிரல் முழுவதும் 1000 என்றே எழுதி வைத்தவன் ஒவ்வோரிடமாகத் தேடித் திருத்த வேண்டும். 'சம்பளம்' என எழுதியவன் முதல் வரியை மட்டும் மாற்றினாற் போதும்.

இனி, அன்றைய ஊதியத்தைக் காண்போம். 18 கிலோவுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா சேரவேண்டும்.

பெறுவது = சம்பளம் + (கொழுந்து - அளவு) * கிலோவிலை
பதிப்பி பெறுவது

திரையில் 1550 என வரும். அடைப்புக்குறியை நீக்கி எழுதினால் யாது நிகழும்? பெருக்கல் முந்தும், கூட்டலும் கழித்தலும் பிந்தும். 18ஐ 50 ஆற் பெருக்க 900. 1350உடன் 22ஐக் கூட்டி 900ஐக் கழிக்க 472. எண் ஒன்றேனும் மாறவில்லை. குறி ஒன்றேனும் மாறவில்லை. இரண்டு வளைகோடுகள் மறைந்தமையால் 1,078 ரூபா மறைந்தது. கணினி இதனைப் பிழையென்று கூறாது. எழுதியவாறு செய்வதே அதன் தொழில். கீழ் வகுப்பில் அடைப்பை முதலிற் சுருக்குக எனக் கற்றதை மாணவர் வெறும் பரீட்சை விதியாகவே கருதுவர். ஈண்டு அதன் விலை ரூபாவிலே தெரிகின்றது.

மீதியைத் தரும் % என்னும் குறியையும் இவ்விடத்தே கூறுதல் வேண்டும். 22ஐ 18 ஆல் வகுத்தால் மீதி 4. மேலதிகக் கிலோவும் 4. இவ்வொற்றுமையைக் கண்டு, கழித்தலுக்குப் பதிலாக % இட்டாலும் சரியே என மாணவர் துணிவதுண்டு. கொழுந்து மலிந்த காலத்தில் ஒருத்தி 40 கிலோ பறித்தாளெனக் கொள்வோம். 40ஐ 18 ஆல் வகுக்க மீதி 4 தான். உண்மையில் மேலதிகமோ 22. ஒரு விடை பொருந்தியது கொண்டு விதி பொருந்தியது என முடிவு செய்யலாகாது. ஒவ்வொரு செய்நிரலையும் சிறிய எண், எல்லை எண், பெரிய எண் என மூன்றாலேனும் சோதித்தல் நன்று.

சமக்குறி தனியே ஆராயத்தக்கது. இக்குறியை 1557இல் அச்சேறிய தம் நூலில் முதன்முதல் வழங்கியவர் இரொபேட் இரெக்கோட் என்னும் வேல்சு நாட்டறிஞர். இணைகோடுகள் இரண்டினும் மேலாக ஒத்தன வேறில்லை என்பது அவர் கூறிய காரணம். செய்நிரலிலோ அக்குறி ஒப்புமையைக் கூறுவதன்று. ஓர் ஏவல் ஆகும். வலப்புறத்தைக் கணித்து இடப்புறத்துப் பெயரின்கீழ் வை என்பதே அதன் பொருள். அதனாலேயே

கிலோ = கிலோ + 1

என்பது இயற்கணிதத்திற் பொய்யாயினும் செய்நிரலில் மெய்யாகின்றது. பலகையில் எழுதிய 18ஐ அழித்து அவ்விடத்தே 19 என எழுதுதல் போல்வது இது. இரண்டும் சமமா என வினவ வேண்டின் இரட்டைச் சமக்குறி (==) இடுக. பாஸ்காலை ஆக்கியோர் இக்குழப்பத்தை முன்னுணர்ந்து, ஏவலுக்கு முக்காற்புள்ளியோடு கூடிய சமக்குறியைத் தனியே வகுத்தனர். இவ்வொன்றில் எழிலினும் பாஸ்கால் தெளிவுடையது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

ஒப்பீட்டுக் குறிகளுக்கு வருவோம். அளவு எட்டாதவளுக்கு அரைப்பேர் என்பது பல தோட்டங்களில் வழங்கிய நடைமுறை. அது முறையா, சட்டத்திற்கு ஒத்ததா என்பது வேறு வழக்கு. அதனை எழுதும் வகையே ஈண்டுப் பொருள்.

@( கொழுந்து >= அளவு ) ஆனால்
பெறுவது = சம்பளம் + (கொழுந்து - அளவு) * கிலோவிலை
இல்லை
பெறுவது = சம்பளம் / 2
முடி
பதிப்பி பெறுவது

முதல் வரியிலுள்ள குறி 'பெரிது அல்லது சமம்' எனப்படும். அதிலுள்ள சமக்குறியை விடுத்து வெறும் 'பெரிது' (>) என எழுதுக. 22 கிலோவுக்கு விடை மாறாது. 17 கிலோவுக்கும் மாறாது. இரண்டு விதியிலும் 675 ரூபாவே. சரியாக 18 கிலோ பறித்தவளுக்கு மட்டும் முன்னைய விதியில் 1,350. பின்னைய விதியில் 675. வாய்மொழியில் 'பதினெட்டுக்கு மேல்' என ஒருவர் கூற, 'பதினெட்டு வந்தாற் போதும்' என மற்றவர் விளங்கிக்கொண்டால், இருவரும் ஆண்டு முழுவதும் ஒத்துப்போவர். எல்லையில் நிற்கும் ஒருத்தி மடுவத்திற்கு வரும் நாளிலேதான் பிணக்கு எழும். செய்நிரல் எழுதுவோன் அப்பிணக்கை முன்கூட்டியே தீர்த்தாக வேண்டும். இரண்டினுள் ஒரு குறியை அவன் இட்டே தீரவேண்டும், மௌனமாயிருக்க வழியில்லை.

பல நிபந்தனைகள் சேர்ந்து வருவதற்கு அண்மை வரலாற்றிலிருந்தே எடுத்துக்காட்டுத் தரலாம். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்திலே நாட்சம்பளம் 730 ரூபா எனப் பேசப்பட்டது. உண்மையில் அது நான்கு எண்களின் கூட்டல்: அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. இவற்றுள் இரண்டு நிபந்தனைக்குட்பட்டவை.

பெறுவது = 500 + 30
@( வரவு >= வரவளவு ) ஆனால்
பெறுவது = பெறுவது + 60
முடி
@( கொழுந்து >= அளவு ) ஆனால்
பெறுவது = பெறுவது + 140
முடி
பதிப்பி பெறுவது

இரு நிபந்தனையும் நிறைவேறின் 730. வரவு குறையின் 670. கொழுந்து குறையின் 590. இரண்டும் குறையின் 530. ஓர் எண்ணாகச் செய்தித்தாளில் வந்தது நான்கு விடைகளையுடைய செய்நிரல் என்பது இப்பொழுது புலனாகும். உயர்வகுப்பு மாணவர் இந்நான்கையும் தாமே எழுதிக் கண்டபின், மெய், பொய் என்னும் இரண்டைக்கொண்டே தருக்கம் முழுவதையும் இயற்கணிதமாக்க 1854இல் முயன்ற ஜோர்ஜ் பூல் என்பாரின் கருத்தை அவர்க்கு எடுத்துரைத்தால் எளிதில் மனங்கொள்வர்.

திரும்பத் திரும்பச் செய்தலுக்கு எழிலில் 'வரை' என்னும் சொல் உண்டு. மேற்கூறிய 1,350 ரூபா விதிப்படி 18 முதல் 22 கிலோ வரைக்கும் ஒரு விலைப்பட்டி வேண்டுமெனின்,

கிலோ = 18
@( கிலோ <= 22 ) வரை
பதிப்பி கிலோ, 1350 + (கிலோ - 18) * 50
கிலோ = கிலோ + 1
முடி

ஐந்து வரிகள் திரையில் தோன்றும்: 1350, 1400, 1450, 1500, 1550. இறுதிக்கு முன்வரியை மறந்தால் கிலோ 18 ஆகவே நிற்கும். நிபந்தனை என்றும் மெய்யாகவே இருக்கும். ஓட்டத்தை நாமே நிறுத்தினாலன்றி நிற்காது. 'வரை' என்னும் சொல்லிலும் ஒரு நுட்பம் உண்டு. 'மாலை வரை' என்றால் மாலை வந்ததும் நின்றுவிடும்; 'வெளிச்சம் இருக்கும் வரை' என்றால் வெளிச்சம் போனதும் நின்றுவிடும். எழிலின் 'வரை' இரண்டாம் வகையது. நிபந்தனை மெய்யாக இருக்கும் வரை என அதனை விரித்துப் படித்தல் வேண்டும். அன்றேல் விதி தலைகீழாகும். (வரை என்பதற்கு மலையென்றும் பொருளுண்மையின், மலைநாட்டார்க்கு இச்சொல்லிற் சற்று உரிமை மிகுதி எனலாம்.)

இதுகாறும் கண்டவை கூடி நிற்கும் ஓர் எடுத்துக்காட்டு எஞ்சியுள்ளது. ஒரு நாளில் மூன்று முறை கொழுந்து நிறுக்கப்படுகின்றது எனவும், சாக்கு, ஈரம் ஆகியவற்றின்பொருட்டு 2 கிலோ கழிக்கப்படுகின்றது எனவும் கொள்வோம். காலையில் 7, பகலில் 8, மாலையில் 7 கிலோ. கழிவு இரண்டு கிலோ என்று அனைவரும் அறிவர். ஆயினும் அதனை எழுதும் வழி இரண்டு.

கொழுந்து = காலை + பகல் + மாலை - கழிவு
கொழுந்து = காலை + பகல் + மாலை - 3 * கழிவு

முதல் வரி நாளுக்கு ஒருமுறை கழிக்கின்றது. கொழுந்து 20 ஆகும். இரண்டாம் வரி ஒவ்வொரு நிறுவையிலும் கழிக்கின்றது. கொழுந்து 16 ஆகும். இவ்விரண்டையும் முன்னெழுதிய 'ஆனால்' செய்நிரலிற் செலுத்துக. 20 கிலோவுக்கு 1,450 ரூபா. 16 கிலோவுக்கு 675 ரூபா. வேறுபட்டது நான்கு கிலோ. ஊதியத்தில் வேறுபட்டது 775 ரூபா. கழிவு வேறு, அளவு வேறு, அரைப்பேர் வேறு எனத் தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் சிறிய விதியாகத் தோன்றும். ஒன்றன் விடை மற்றொன்றின் நிபந்தனையுட் புகும்போதே அவற்றின் முழுப் பாரம் வெளிப்படும். எவ்வரி முறையானது என்பதைச் செய்நிரல் கூறாது. எந்த வரி வழங்குகின்றது என்று வினவும் ஆற்றலை அது தரும். தன் தாயின் துண்டைக் கையிலெடுத்து, கழிவு எங்கே கழிக்கப்பட்டது, எல்லையில் எந்தக் குறி நிற்கின்றது எனக் கேட்கத் தெரிந்த பிள்ளை, செய்கைக் குறிகளைப் பாடமாகவன்றிப் பொருளாகவே அறிந்தவளாவாள்.

இப்பயிற்சிக்குக் கணினி எப்பொழுதும் வேண்டுவதில்லை. கணினி போதாத தோட்டப் பாடசாலையிற் கரும்பலகையே போதும். மாறிகளின் பெயர்களை மேலே வரிசையாக எழுதி, ஒவ்வொரு வரியையும் ஒரு மாணவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் கணினியாக நின்று எண்களை அழித்தும் எழுதியும் வருக. தாமாக எதனையும் ஊகியாது எழுதியவாறே செய்தல் அவருக்கு விதி. அரைமணி நேரத்தில் வகுப்பு முழுவதற்கும் மாறி என்பது யாதென விளங்கிவிடும்.

எழில் கற்றவர்க்கு அலுவலகங்கள் வேலை கொடுத்துவிடா. பரீட்சையும் அம்மொழியில் நடைபெறுவதில்லை. ஆதலின் அதிலே நெடுங்காலம் தங்கவேண்டுவதில்லை. ஒரு தவணை போதுமானது. அதன்பின் பைத்தனுக்குச் செல்பவர் 'பதிப்பி' என்ற இடத்தில் 'பிரிண்ட்' என்றும், 'ஆனால்' என்பதை முன்னே கொணர்ந்து 'இஃப்' என்றும், 'வரை' என்பதை 'வைல்' என்றும் எழுதப் பழகுவர்; செய்கைக் குறிகள் மாறுவதில்லை. பாஸ்காலுக்குச் செல்பவர் சமக்குறியின் வேறுபாட்டை நினைவிற் கொள்க.

அடுத்த பயிற்சியாக, மழை நாளிற் கழிவு நிறுவைக்கு 3 கிலோ, மழையற்ற நாளில் நாள் முழுவதற்கும் 2 கிலோ எனக் கொண்டு, மேற்படி செய்நிரலை மாணவர் திருத்தி எழுதுக. மழை பெய்ததா என்பதை யார் தீர்மானிப்பது, காலையில் மட்டும் பெய்தால் எவ்வாறு என்னும் வினாக்கள் இடையே எழும். அவற்றையும் குறிகளாலேயே எழுதிக் காட்டுதல் வேண்டும்.